சைனம்புவின் வலது கை

செங்கல்பட்டு
8.7.1973

மச்சானுக்கு ஷாஜாதியின் ஸலாம்.

நீங்கள் என்னை இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. சுகமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதிவிட்டால் மேற்கொண்டு எழுத ஒன்றும் இருக்காது. அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பெண்கள் வார்டில் பதினான்கு கட்டில். எனக்கு ஜன்னல் ஓரம். வாசல் போர்டில் தொழுநோய் என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. முதல் நாள் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தோம். இப்போது தினமும் பார்க்கிறேன். கடைப் பெயர் மாதிரி இருக்கிறது. அழுகை வரவில்லை. கஞ்சி கொடுத்தால் குடிக்கிறேன். மாத்திரை கொடுத்தால் விழுங்குகிறேன். தண்ணீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் தடவி, மடங்கிப்போன சுண்டுவிரலை நூறு தடவை நீட்டச் சொன்னால் நீட்டுகிறேன்.

டாக்டரம்மா என்னிடம், விரல் எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று கேட்டார். மூன்று வருஷம் என்றேன். ஏன் அப்போதே வரவில்லை என்றார். எங்கள் வீட்டிலிருந்து தார் ரோடு வரை மணல், ரொட்டி வண்டியின் மூன்று சக்கரமும் புதையும், அவர் பின்னாலிருந்து தள்ளுவார், நான் ஹேண்டிலைப் பிடித்து இழுப்பேன், ஹேண்டில் பிடித்தால் சுண்டுவிரல் மரத்துப்போவது வண்டிக்காரர் வீட்டில் வழக்கம்தான் என்று இருந்துவிட்டேன் என்றேன். உதறினால் திரும்ப வருமா என்று கேட்டார். உங்களுக்கு வரும். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கையை நாலு உதறு உதறுவீர்கள், சரியாகிவிடும். எனக்கு வரவில்லை. பொம்பளைக் கைக்குக் கொஞ்சம் நேரம் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை அவரிடம் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்று அதற்கு முன்னால்தான் சொல்லியிருந்தேன்.

ஒரு காரியம் செய்யுங்கள். நம் பிள்ளை சைனம்புவின் வலது முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. நான் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அது அப்படியே இருக்கிறதா, பெரிதாகியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதுங்கள்.

நான் கூடுவாஞ்சேரியில் அக்கா பிரசவத்துக்குப் போயிருப்பதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். எங்கள் வார்டு ஆயா செங்கம்மாளுக்குக் கூடுவாஞ்சேரிதான். கடிதங்களை அவளே அங்கே தபாலில் போடுகிறாள். முத்திரையும் உங்கள் பக்கம்தான் பேசும்.

சுகமாக இருக்கிறேன்.

ஷாஜாதி

*

கோவளம்
17.7.1973

ஷாஜாதிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. சோறு பக்கத்து வீட்டு சுல்தான் பீவி அக்கா ஆக்குகிறது. உப்பு கொஞ்சம் அதிகம், கேட்டால் அடிக்க வரும். நாங்கள் கேட்பதில்லை.

காலை நாலரைக்குக் கேசவன் முதலாளியின் பேக்கரியில் பெட்டியை நிரப்பிக்கொண்டு, டீக்கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு, எட்டு மணிக்குள் வீடு வருகிறேன். பெட்டியைத் துடைத்து, சாக்கை விரித்து, நம் ரெண்டையும் ஆபிரகாம் வீட்டு மூன்றையும் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் பள்ளிக்கூடம். பழையபடிதான். நேற்று ஆபிரகாம் வழிமறித்து, "இன்னா பாய், என் புள்ளைங்க மேல எப்பப் பாரு பன்னு வாசனை வருது. வூட்ல மீனை வெச்சா தொட மாட்டேங்குதுங்க. மீன் புடிக்கிறவன் புள்ளைங்க மீனத் துன்னலன்னா நான் எங்கடா போவேன்?" என்றான். நீ வேணும்னா பெட்டியில வலையப் போடு என்றேன்.

உன் இடத்தில் மணலில் ஹேண்டிலைப் பிடிப்பது இப்போது சைனம்புதான். ஒன்பது வயசுப் பிள்ளை மாதிரியா பிடிக்கிறாள்! பெரிய டிரைவர் மாதிரி, "அத்தா, தள்ளு. இன்னா, சாப்புடலயா நீ?" என்று அதட்டல் வேறு. ஹயாத் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மணி அடிக்கிறான். தினமும் கேட்கிறான், "அம்மா எப்போ வரும்?" பெரியம்மாவுக்குக் குழந்தை பிறந்ததும் என்கிறேன். "இன்னும் பொறக்கலயா? இன்னா இம்மாம் லேட்டு?" என்கிறான். இதற்கு என்ன சொல்வது என்று நீயே எழுது.

சைனம்பு கை நன்றாக இருக்கிறது. தேமல் தேமலாகத்தான் இருக்கிறது. மரத்துப்போகுதுத்தா என்று ஒருநாள் சொன்னாள். ஹேண்டில் பிடித்தால் அப்படித்தான், எனக்கும் போகிறது. தைரியமான பிள்ளை. போன வெள்ளிக்கிழமை பேக்கரிக்கு வந்தவள், அடுப்பிலிருந்து எடுத்த தட்டைக் கையால் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கொப்புளம் போட்டது. ஒரு சத்தம் இல்லை. ரொட்டிக்காரன் மகள் என்று கேசவன் முதலாளி ஒரு கேக் கொடுத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நூர்முகமது

*

செங்கல்பட்டு
24.7.1973

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஆபிரகாம் அண்ணன் பேச்சுக்குச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

கொப்புளம் எந்தக் கையில்? எந்த விரல்களில்? இதை மட்டும் எழுதுங்கள்.

பிள்ளைகள் சூடு பட்டால் கத்தும், மச்சான். கத்தாமல் இருப்பது தைரியம் இல்லை. என் கையில் தோசைக்கல் பட்ட அன்று நானும் கத்தவில்லை. கருகின வாசனை வந்துதான் கையைப் பார்த்தேன். நினைவிருக்கிறதா? நீங்கள் அன்று என்னைப் பொறுமைசாலி என்றீர்கள்.

இங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதுகிறேன். நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கஷ்டமே இல்லை. கொஞ்சம் பஞ்சை முனையாகத் திரித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். நல்ல தோலில் ஒருமுறை தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். பிறகு தேமலில் தொடுங்கள். தேமலில் தொட்டதைக் காட்டினால் பயமில்லை. காட்டவில்லை என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆரம்பத்திலேயே மாத்திரை தொடங்கிய பிள்ளைகளுக்கு விரல் மடங்குவதில்லை என்று டாக்டரம்மா சொல்கிறார். தேமலும் மறைந்துவிடுமாம். இங்கே படுக்க வேண்டியதில்லை, மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் மூன்று வருஷம் சும்மா இருந்தேன். அவளுக்கு எத்தனை நாள் ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தேமலை ரம்ஜானுக்கு முன்னால் பார்த்ததாக ஞாபகம். சில சமயம் அதற்கும் முன்னால் என்று தோன்றுகிறது.

ஹயாத்திடம் குழந்தை பிறக்க இன்னும் நாளாகும் என்று சொல்லுங்கள்.

ஷாஜாதி

*

கோவளம்
6.8.1973

ஷாஜாதிக்கு,

பதில் எழுத நேரம் இல்லை. மழை. மணலில் வண்டி நகரவில்லை.

நீ படித்தவள். பன் சுற்ற வரும் பழைய பேப்பரைக்கூட விடாமல் உட்கார்ந்து படிப்பாய். அதில் எங்காவது இதைப் போட்டிருந்தார்களா? ஒரு வீட்டில் ரெண்டு பேருக்கு என்று தெரிந்தால், அந்த வீட்டுக்காரன் கொண்டுவரும் ரொட்டியை எவன் வாங்கித் தின்பான்? கேசவன் முதலாளி நல்லவர்தான். நல்லவர் என்பதற்காகப் பேக்கரியை மூடிவிட்டு உட்காருவாரா? ஆபிரகாம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு அதே பெட்டியில் தொடையோடு தொடை இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். நாளைக்கு அவன் மூஞ்சியில் எப்படி முழிப்பது?

அங்கே ரெஜிஸ்டரில் பேர் ஏறினால் ஏறினதுதான். நீ பொம்பளை, கல்யாணம் ஆனவள், உனக்கு நான் இருக்கிறேன். அவளுக்கு யார் வருவான்? பத்து வருஷம் கழித்து ஒருத்தன் வந்து கேட்டால், நான் குர்ஆனைத் தொட்டு இல்லை என்று சொல்ல வேண்டாமா? சொல்ல முடியுமா?

பஞ்செல்லாம் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் சொன்னாள். கொப்புளம் இடது கையில். ஆறிவிட்டது.

நீ சீக்கிரம் குணமாகி வா. அவள் கையை என்னிடம் விடு.

நூர்முகமது

*

செங்கல்பட்டு
12.8.1973

மச்சானுக்கு,

சைனம்பு இடது கையால் எதையும் தூக்க மாட்டாள். ஸ்லேட்டைக்கூட.

நீங்கள் சொல்வது எதுவும் தப்பில்லை. கேசவன், ஆபிரகாம், பத்து வருஷம் கழித்து வரப்போகிறவன், எல்லாரையும் நானும் யோசித்துப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் வேறு வேலை இல்லை. யோசித்து முடித்த பிறகும் அவள் கை அங்கேயேதான் இருக்கிறது.

இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை குழந்தைகளைப் பார்க்கும் நாள். அன்று அவளைக் கூட்டிவாருங்கள். ஹயாத்தையும். வராவிட்டால் இருபத்தெட்டாம் தேதி காலையில் நான் டாக்டரிடம் சொல்லாமல் கிளம்புவேன். கோவளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைத்தெரு வழியாக, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவேன். கேட்கிறவர்களுக்கு எங்கிருந்து வருகிறேன் என்று சொல்வேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் வந்தால் நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை. செய்வேன் என்பது மட்டும் தெரிகிறது.

ஷாஜாதி

*

கோவளம்
28.8.1973

என் ஷாஜாதிக்கு,

பாஸ்! ஊர் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. ரெண்டும் பெட்டிக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போயின. தூக்கிப் படுக்கப் போட்டேன். எனக்குக் கால் ரெண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை, சந்தோஷம்.

பஸ்ஸில் வந்திருக்கலாமே என்று பிள்ளைகளிடம் கேட்டாயாம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்பான், எங்க பாய் போறே, குடும்பத்தோட. வண்டியில் போனால் யாரும் கேட்பதில்லை, ரொட்டி போகிறது என்று நினைப்பார்கள். பெட்டிக்குள் ரெண்டு தலை தெரிந்தால் சிரிப்பார்கள். திருப்போரூரில் ஒரு கிழவர், "இன்னா விலை நைனா, சின்ன பன்னு?" என்று ஹயாத்தைக் காட்டிக் கேட்டார். "நான் விக்கிறதுக்கு இல்ல" என்று இவன் பெட்டிக்குள் குனிந்துகொண்டான்.

குளத்தங்கரையில் நாஸ்தா. மரத்தடியில் கொஞ்ச நேரம் கண்ணைக் கட்டாத கண்ணாமூச்சி விளையாடினோம். சைனம்பு வழியெல்லாம் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள். ஏற்றம் வரும்போது ரெண்டும் இறங்கித் தள்ளின. இறக்கத்தில் மூன்று பேரும் சத்தம் போட்டுக்கொண்டு போனோம். நீ இருந்திருந்தால் மானம் போகுது என்று முக்காட்டை இழுத்து மூடியிருப்பாய்.

நான் உள்ளே வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். வண்டியைத் தனியே விட முடியாது. கேட்டில் நின்றுகொண்டே எல்லாத் துஆவும் ஓதினேன். பிள்ளை வெளியே ஓடிவந்து, "அத்தா, ஒண்ணுகூட தப்பில்ல" என்றபோது என் உயிர் திரும்பி வந்தது. ஆறு மாசம் கழித்துக் காட்டினால் போதும் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்களாம். இனிமேலாவது அவள் கையைப் பற்றி எழுதாதே. நான் சொன்னேனா இல்லையா?

இன்று காலை மறுபடி மழை மணல். என்னடா செய்வது என்று நிற்கிறேன், அவளே வந்து ஹேண்டிலைப் பிடித்தாள். வலது கையால் என்ன இறுக்கு இறுக்குகிறாள், நீ பார்க்க வேண்டும்.

நூர்முகமது

*

செங்கல்பட்டு
31.8.1973

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். பிடித்தது தெரியாத கைதான் அப்படி இறுக்கும், நானும் அப்படித்தான் இறுக்கினேன். பிறகு எழுந்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். அதற்கு முன் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை வரிசையில் சைனம்பு ஏழாவது. நீலப் பாவாடை, எண்ணெய் வழியத் தலை வாரி, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி. என்னைப் பார்த்ததும் ஓடிவருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. முதலில் இது முடியட்டும் என்று கையைக் காட்டினாள். அவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினாள். பஞ்சு தோளில் பட்டது, இங்க என்றாள். கழுத்தில், இங்க. மணிக்கட்டில், இங்க. தேமலில் தொட்டார்கள். கொஞ்சம் தாமதம். இங்க என்று சரியாக நடுவில் விரலை வைத்தாள். மூன்று முறை தொட்டார்கள், மூன்று முறையும் சரி. டாக்டரம்மா முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார். தடிப்பில்லை, தேமலாகவே இருக்கலாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதினார்.

அவள் இமை மூடவில்லை, மச்சான். இமைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு நூல் அளவு திறந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு அவள் பக்கவாட்டில் இருந்தாள். நான் எதிரே நின்றேன். அந்த நூல் வழியாக அவள் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை என்னையும் பார்த்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்தது ஹயாத், அவனைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். இறங்கியதும் என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அக்கா பாத்து பாத்து சொல்லிச்சு. நான் பாக்காமயே சொன்னேன். அத்தா கோழி றெக்கை வெச்சு சொல்லிக் குடுத்தாரு. எனக்குத் தேவயில்லன்னு சொல்லிட்டேன்" என்றான். பெருமையாகச் சொன்னான். அவன் வாயைப் பொத்தினேன். சுற்றிலும் யாரும் கவனிக்கவில்லை.

சைனம்பு அப்போதுதான் என்னிடம் வந்தாள். "நான் பாஸ்தானேம்மா? பாஸ் ஆனா உன்ன வூட்டுக்கு வுட்ருவாங்கன்னு அத்தா சொல்லிச்சு. துணிய எடுத்துகினு வா, வண்டில எடம் கீது" என்றாள். இன்றைக்கு இல்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு சின்னத் தப்பு செய்து வாங்கிய பாஸ் என்று அவளுக்கும் தெரியும், அதனால் முழுதும் கிடைக்காது என்று நினைத்திருப்பாள். ஒன்பது வயசுக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நீங்கள் செய்தது எனக்குப் புரிகிறது. அந்தப் பரிசோதனையைப் பஞ்சு உட்பட உங்களுக்கு எழுதிக் கொடுத்தவளே நான்தான். நீங்கள் வீட்டில் பஞ்சை வைத்துப் பார்த்தது உண்மை என்று இப்போது தெரிகிறது. அன்று அவள் காட்டவில்லை. அதனால்தான் இறகு. அதை எனக்கு எழுதியிருக்கலாம். எழுதாமல் அந்த ஒரு மாதம் நீங்கள் எப்படி வண்டி ஓட்டினீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் கேட்டில் நின்றீர்கள், நான் எதிரிலேயே நின்றேன். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விரலை நூறு தடவை நீட்டி மடக்கினேன். அவள் வீட்டில் இருக்கிறாள், பெட்டியில் பள்ளிக்கூடம் போகிறாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது போதும் என்று இருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்கள் கடிதம் வராமல் இருந்திருந்தால் ஆறு மாதமும் அப்படியே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. "இங்க வர்ற வேற பிள்ளைகளும் இதைச் செய்வாங்க. ஆனா அம்மா வந்து சொன்னது நீதான் முதல்" என்றார். வியாழக்கிழமை, செப்டம்பர் ஆறாம் தேதி, மறுபடி பார்க்க வேண்டும். அதே பரிசோதனைதான், கண்ணைத் துணியால் கட்டிவிட்டு.

கேசவனிடம் என்ன சொல்வது, ஆபிரகாம் அண்ணனிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. எங்கும் படித்ததும் இல்லை. டாக்டரம்மாவைக் கேட்டேன். இந்த மாதிரி ஒற்றைத் தேமலில் கூட உட்காரும் பிள்ளைக்கு ஒட்டாது, அவளை ஒதுக்கிவைக்க வேண்டாம் என்கிறார். இதை நீங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டாம். வண்டி ஓட்டும்போது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

வரும் வழியில் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பாஸ் என்ற பேச்சே வேண்டாம். அம்மா அன்று வீட்டுக்கு வர மாட்டாள் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அழுதால் அழட்டும், பெட்டிக்குள் யாரும் பார்க்கப் போவதில்லை.

வண்டியைச் செங்கம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை கேட்டில் நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள். அவள் பயப்படுவாள். கண்ணை நான் கட்டுகிறேன். நீங்கள் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் கையில் பிடித்தால் அவளுக்குத் தெரியும்.

ஷாஜாதி